வித்தவுட் பொண்ணு

மூன்று வருடங்களுக்கு முன், சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த பரீட்சை நாட்களில், ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் ஒரு டீக்கடையில் நடந்தது இது. எதிரே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் வாசல். நான் அந்தக் கடையில் டீ மாஸ்டர். மாஸ்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பாய்லருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்தான் மாஸ்டர்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, பெங்களூரில் கட்டட வேலை, பாலக்காட்டில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் தேய்த்தது, பிறகு லாரியில் கிளீனர் என்று சுற்றிக்கொண்டே இருந்தேன். எங்கேயும் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியதில்லை. கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். ஆவடிக்கும் அப்படித்தான் வந்தேன். ஸ்டேஷனில் இறங்கி, முதலில் வந்த பஸ்ஸில் ஏறி, கூட்டம் இறங்கிய இடத்தில் நானும் இறங்கினேன். படிக்கிற பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வயிற்றுக்குப் பஞ்சம் வராது என்பது ஊர் சுற்றியதில் எனக்குத் தெரிந்த விஷயம்.

அது உண்மைதான் என்று அந்தச் சாலையைப் பார்த்ததும் தெரிந்தது. எங்கள் கடையை ஒட்டி ஆந்திரா மெஸ். பருப்புப் பொடியும் நெய்யும் மணக்கும். அடுத்து ஜூஸ் கடை, ரோஸ்மில்க் அங்கே பிரபலம். சாயங்காலம் ஆனால் ஃப்ரைடு ரைஸ் வண்டியில் சட்டியைத் தட்டும் சத்தம் பஸ் ஹாரனையும் மீறிக் கேட்கும். பீகார்க்காரர் ஒருவர் பானி பூரி விற்றார். விடுதியில் சாப்பாடு இருந்தாலும் பிள்ளைகளுக்கு வெளியே வந்து நின்று சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி. காலையில் முதல் கூட்டம் எங்களுக்குத்தான். டீ, பன் பட்டர் ஜாம், மசால் வடை.

அந்தக் கடையில் யாருக்கும் பெயர் கிடையாது. என்ன கேட்பார்களோ அதுதான் பெயர். டபுள் ஸ்ட்ராங் தம்பி. ஆடை எடுத்த பால் சார். குவார்ட்டர்ஸிலிருந்து நடக்க வரும் இஞ்சி டீ பெரியவர். இதை ஆரம்பித்து வைத்தது கடைக்காரி அக்கா. எனக்கும் அவர்தான் பெயர் வைத்தார்: "ஊர்சுத்தி." கோபம் இல்லாத நேரங்களில் மட்டும் நைனா.

அக்காவுக்கு சேக்காட்டில் வீடு. அவர் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலை பார்த்தவர். சர்க்கரை நோய். முதலில் கால் விரல் போனது, பிறகு கால் போனது, பிறகு அவரே போய்விட்டார். கடைசிக் காலத்தில் அக்காவுக்குத் தெரியாமல் மைசூர்பாகை வாங்கித் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துச் சாப்பிடுவாராம். அக்கா பிடுங்கிப் பிடுங்கி எறிவாராம். இதை வடை போட்டுக்கொண்டே, சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அதைச் சொல்லும் நாட்களில் வடை கொஞ்சம் கருகிவிடும்.

அங்கே டீ குடிக்க வந்தவர்களில் ஒரு பெண். தெற்கிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். முதல் நாள் அவள் வந்து, "அக்கா, எனக்குச் சுகர் இல்லாம ஒரு டீ" என்றாள்.

"இன்னா டயட்டா? ஒடம்புல எலும்பு மட்டுந்தான் கீது, அதுக்கு ஒரு டயட்டா?" என்றார் அக்கா.

"டயட்டு இல்லக்கா. எனக்குச் சுகர் இருக்கு. சின்ன வயசுலயே வந்துருச்சு. ஊசி போட்டுக்கிடுதேன்."

அக்கா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு 'வித்தவுட் பொண்ணு' என்று பெயர் விழுந்தது. சர்க்கரை போடாத டீக்கு எங்கள் கடைகளில் 'வித்தவுட்' என்றுதான் சொல்வார்கள். அவள் சாலையைக் கடக்கும்போதே அக்கா, "நைனா, வித்தவுட் ஒண்ணு!" என்று குரல் கொடுத்துவிடுவார். அவள் கேக் பாட்டில் பக்கம் பார்த்தால் பாட்டில் தானாக அந்தப் பக்கம் நகரும். "ரோஸ்மில்க் கடையில உன்ன பாத்தேன்னு வெச்சிக்கோ, கால ஒடிச்சிடுவேன்" என்பார். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரிப்பாள். "எங்கம்மாவே தேவலை. நீங்க மோசம்க்கா."

அன்று காலையும் கூட்டம்தான். பரீட்சை என்பதால் பிள்ளைகள் ஒரு கையில் டீயும் ஒரு கையில் பேப்பருமாக முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். கூட்டம் கொஞ்சம் குறைந்து, பாதிப் பேர் உள்ளே போன பிறகு அவள் வந்தாள். நேராக வரவில்லை. சாலையைக் கடக்கும்போது பைக்கில் வந்த ஒருவன் பிரேக் போட்டுத் திட்டினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடித்தவர்கள் நடப்பது போல நடந்து வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஹால் டிக்கெட் கீழே விழுந்தது. அதையும் எடுக்கவில்லை.

"சுகர்... அண்ணா... சுகர்" என்றாள். நாக்கு புரளவில்லை.

அக்கா வடைச் சட்டியை விட்டுவிட்டு ஓடி வந்தார். "ஐயோ, பொண்ணுக்குச் சுகர் ஏறிக்கீதுடா!"

கடைக்கு எதிரே ஸ்டாண்டு போட்டிருந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "ஆமா மாமே, மூஞ்சப் பாரு, வேத்து ஊத்துது. எங்க மாமனாருக்கும் இப்டிதான்."

டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பையன், "சுகர் பேஷண்ட்டா? ஸ்வீட் எதுவும் குடுத்துடாதீங்க அண்ணா, கோமாவுக்குப் போயிடுவாங்க" என்றான். எல்லாரும் நல்லதற்குத்தான் சொன்னார்கள்.

அவள் மறுபடியும் "சுகர்" என்றாள். "எங்களுக்குத் தெரியும் கண்ணு, தெரியும்" என்று அக்கா அவள் தலையைத் தடவினார். அப்போது அவள் கை மேஜை மேல் ஊர்ந்து சர்க்கரை டப்பாவைத் தொட்டது. அக்கா வெடுக்கென்று டப்பாவை எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

"பாத்தியா? அந்த மனுசனும் இதேதான் பண்ணாரு! உசுர் போற நேரத்துலயும் கை சக்கரையாண்டதான் போவும். நைனா, சூடா ஒரு வித்தவுட் போடு. ஆட்டோவ திருப்புய்யா!"

நான் டீ போட்டுக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். கிளாஸ் நிற்கவில்லை. அவள் விரல்கள் ஆடின. கை ஜில்லென்று இருந்தது. அந்த வெயிலில், அந்தப் பாய்லர் சூட்டில், அப்படி ஒரு ஜில்லிப்பு. அந்தக் குளிர்ந்த வியர்வையை எனக்குத் தெரியும்.

லாரி வேலையை விட்டபிறகு ஒருமுறை கிருஷ்ணகிரிப் பக்கம் சாலை ஓரமாக நடந்தே போனேன். முந்தின நாளும் சாப்பிடவில்லை, அன்றும் இல்லை. மதியத்தில் கை ஆட ஆரம்பித்தது. வியர்த்தது, ஆனால் குளிர்ந்தது. யாரோ என்னிடம் பேசுகிறார்கள், எனக்குப் பதில் வாயில் வரவில்லை. வெல்லம் ஏற்றிய ஒரு லாரியின் டிரைவர், வண்டியை ஓரம் கட்டி, ஒன்றும் கேட்காமல் ஒரு வெல்லக்கட்டியை உடைத்து என் வாயில் போட்டார். தண்ணீர்கூட அப்புறம்தான் கொடுத்தார். சர்க்கரை நோயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பசி தெரியும்.

"அக்கா, இது பசி" என்றேன்.

"பசின்னா சோறு கேக்கும். சக்கரையா கேக்கும்?"

"எனக்கு இப்டி ஆயிருக்குக்கா. கொஞ்சம் சக்கரை குடுத்துப் பாப்போம்."

"இன்னாடா பேசறே? உனக்கு அவளுக்குக் கீற நோவு கீதா?" அக்கா டப்பாவை இன்னும் இறுக்கிக்கொண்டார். "எதுனா ஆச்சின்னா நீ நாளைக்கே ரயில் ஏறிப் பூடுவே. இவங்க அம்மாவுக்குப் பதில் சொல்லிகினு நான்தான் இங்க நிக்கணும்."

அது நிஜம். நான் ஓடிப்போகிறவன்தான். நான் நினைப்பது தப்பாக இருந்து, அந்தப் பையன் சொன்னது சரியாக இருந்தால்? ஒரு உயிரை வைத்துப் பந்தயம் கட்ட எனக்கு என்ன யோக்கியதை? அவள் தலை மெதுவாகச் சாய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரைக்கும் தாங்குமா என்றும் தெரியவில்லை.

என்ன செய்வது என்று தெரியாமல்தான் நான் அவள் முன்னால் குந்தினேன். அவள் முகத்தை இரண்டு கையாலும் நிமிர்த்தி, காது கேளாதவர்களிடம் பேசுவது போலச் சத்தமாகக் கேட்டேன்.

"சுகர் இருக்குன்னு சொல்றியாம்மா? இல்ல, சுகர் வேணும்னு சொல்றியா?"

அவள் உதடு இரண்டு முறை அசைந்தது. சத்தம் வரவில்லை. மூன்றாவது முறை வந்தது.

"வேணும்."

நான் எழுந்து டப்பாவைப் பிடித்தேன். அக்கா விடவில்லை. நான் இழுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு கை தளர்ந்தது. இழுத்த வேகத்தில் பாதிச் சர்க்கரை பெஞ்சில் கொட்டிவிட்டது. மிச்சத்தை ஒரு கிளாஸ் தண்ணீரில் கொட்டி விரலாலேயே கலக்கி அவள் வாயருகே வைத்தேன். முதல் வாய் கன்னத்தில் வழிந்தது. இரண்டாவது உள்ளே போனது. பிறகு அவளே கிளாஸைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு காத்திருந்த நேரத்தைப் போல ஒன்றை நான் அனுபவித்ததில்லை. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் திட்டு இல்லை, கெஞ்சல் இருந்தது. ஆட்டோக்காரர் வண்டியை ஓட விட்டுக்கொண்டு நின்றார். என் முதுகில் வியர்த்தது. அது சூடான வியர்வை.

கொஞ்ச நேரத்தில் அவள் கண் ஒரு இடத்தில் நின்றது. சுற்றிப் பார்த்தாள். கீழே கிடந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்தாள்.

"ஐயோ, பரிச்சை ஆரம்பிச்சிருச்சா?" என்றாள்.

"அடி செருப்பால! பரிச்சையாம் பரிச்சை!" என்று அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். கடையை என்னிடம் விட்டுவிட்டு, எண்ணெய்க் கையோடு அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். போகும்போது ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து, "எங்க மாமனாருக்கும் இனிமே கேட்டுத்தான் குடுக்கணும் போல" என்றார்.

மதியம் தாண்டி அக்கா மட்டும் திரும்பி வந்தார். அந்தப் பெண் காலையில் வழக்கம் போல சர்க்கரையைக் குறைக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டு, விடுதி மெஸ்ஸில் வரிசை நீளமாக இருக்கிறது என்று சாப்பிடாமலே பரீட்சைக்குக் கிளம்பியிருக்கிறாள். அதனால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. நல்லவேளை, நினைவு இருக்கும்போதே கொடுத்தீர்கள் என்று நர்ஸ் சொன்னாராம். விட்டுப்போன பரீட்சையை அப்புறம் எழுதிக்கொள்ளலாமாம்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். காலையில் கொட்டிய சர்க்கரையை எறும்புகள் வரிசையாக எடுத்துப் போய்க்கொண்டிருந்தன. நான் துடைக்கவில்லை, துடைக்கத் தோன்றவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே அக்கா சொன்னார்:

"சுகரு எறங்கவும் எறங்குமாம் நைனா. ஏறுறது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"அவருக்கும் ஊசிதான் போட்டுகினு இருந்தாங்க. கடைசில சோறே எறங்கல அவருக்கு. அப்பவும் நடுங்குற கையாலதான் அந்த மைசூர்பாக எடுப்பாரு. நான் புடுங்கிப் போடுவேன்." முந்தானையால் கையைத் துடைத்தார். "அப்பவும் எறங்கித்தான் இருந்துச்சோ, இன்னாவோ."

இல்லை அக்கா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஒரு டீ போட்டுப் பக்கத்தில் வைத்தேன். அவர் சர்க்கரை போடாமல்தான் குடிப்பார், வீட்டுக்காரர் போனதிலிருந்து. அன்றைக்கு அவரே டப்பாவை எடுத்து ஒரு கரண்டி போட்டுக் கலக்கிக் குடித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அந்தப் பெண் இரண்டு நாளில் வந்தாள். அக்கா அவளுக்கென்று ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரை போட்டு, பாய்லருக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். "இது டீக்கு இல்ல. கேட்டா மட்டும் குடுக்கறதுக்கு" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தார். அதற்குப் பிறகும் அவள் வந்தால் வித்தவுட்தான். ஆனால் டீயைக் கொடுப்பதற்கு முன்னால், "சாப்ட்டியா?" என்று ஒரு கேள்வி. "இல்லக்கா" என்று பதில் வந்தால் டீ கிடையாது, இட்லிதான். அதையும் எங்கேயிருந்தாவது வாங்கி வரச் சொல்லி என்னைத்தான் துரத்துவார்.

அக்கா சொன்னபடியே நான் ஆடி மாதத்தில் கிளம்பிவிட்டேன். சண்டை இல்லை, கால் அரித்தது. அதன் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ பாய்லர். இப்போது ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், இன்னும் எத்தனை நாளோ தெரியாது. கண்டக்டர்கள் அவசர அவசரமாக வந்து, பாதி வார்த்தையில் கேட்டு, பாதி வார்த்தையில் திட்டிவிட்டுப் போகிற இடம். கூட வேலை செய்கிறவர்கள் என்னை மந்தம் என்பார்கள். யார் எதைக் கேட்டாலும் ஒருமுறை அவர்கள் முகத்தைப் பார்த்து, "இருக்குன்றீங்களா, வேணும்ன்றீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் என் கை நகர்கிறது. அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போன ஒரு மனிதரை, நான் பார்த்தே இராத அக்காவின் வீட்டுக்காரரை, ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.