பூட்டிய காம்பராவில் தம்பி

கொழும்பில் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போன தம்பி, குடு என்கிற ஹெராயின் தூளைப் பழகிக்கொண்டு திரும்பி வந்தான். முதலில் புகைத்தானாம், பிறகு ஊசி. இரண்டு கைமடிப்பிலும் தழும்புகள்.

அப்பா இல்லை. அம்மாவுக்கு அழத்தான் தெரியும். முடிவெடுத்தது நான். ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். எளிதில் இளக மாட்டேன். ரொட்டியும் தண்ணீரும் ஒரு வாளியும் வைத்து, அவனை வீட்டின் பின்னறையான உள்காம்பராவில் விட்டுப் பூட்டினேன். நாலு நாள் கிடந்தால் விஷம் இறங்கிவிடும் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் சொன்னார்கள்.

அன்றைக்கே அவனுக்கு நடுக்கம் கண்டது, வேர்த்துக் கொட்டியது. குடு கிடைக்காவிட்டால் அப்படித்தான் என்றார்கள். நம்பினேன். இரண்டாம் நாள் கதவுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா, வலது கண்ணு குத்துது. எல்லாம் பொகையாத் தெரியுது."

"கடைத்தெருவுக்கு ஓடப் பாக்குறியா?"

"சத்தியமா இல்லக்கா. நீயே கையப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ."

"இதுவரைக்கும் எத்தன சத்தியம் பண்ணிட்ட?"

கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுச் சமைத்தேன். மூன்றாம் நாள் தட்டவில்லை. அடங்கிவிட்டான் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

நாலாம் நாள் காலை திறந்தேன். உடம்பு அனலாகக் கொதித்தது. வலது இமை வீங்கி மூடியிருந்தது. விரலால் விலக்கினேன். கருவிழிக்குள் பாதிவரை மஞ்சளாகச் சீழ்.

"நான் தெரியுறனா?"

"வெளிச்சங்கூடத் தெரியல."

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சிங்களத்தில் விளக்கினார். ஊசி வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறி, இதய வால்வில் ஒட்டி, அங்கிருந்து கண்ணுக்குப் போயிருக்கிறது. நடுக்கம் அந்தக் காய்ச்சலால்தான். வலி எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

"இன்றைக்குக் காலையில்" என்றேன்.

தம்பிக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் வரும். "முந்தாநாள். கதவு பூட்டியிருந்தது" என்றான்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அன்றே வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார்.

கண்ணுக்குள்ளேயே மருந்து செலுத்திப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. கண்ணை எடுத்தார்கள். உயிரைக் காப்பாற்ற ஆறு வாரம் மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. நர்ஸ் நரம்பு கிடைக்காமல் தடவும்போதெல்லாம், எது இன்னும் கெடாத நரம்பு என்று அவனே தொட்டுக் காட்டினான். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் குடுவைத் தொடவில்லை. மரக்கிளை குத்திக் கண் போய்விட்டதாக அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். யாரும் நம்பவில்லை. ஒரு நாள் அடுத்த வீட்டம்மா வந்து, "நீ பூட்டி வச்சதுனாலதான் பய திருந்துனான்" என்று என்னைப் பாராட்டினாள். தம்பி வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஆமாங்க" என்றான். "பாதிக் கண்ண நான் கெடுத்தேன். மீதிய அக்கா கெடுத்துச்சு."

குரலில் கோபமே இல்லை. அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.