பூசணிக்காய்க்குத் தொப்பி வைத்த மதலேன் அத்தை

திங்கள் காலை செல்லம்மா அக்கா மீன் கூடையோடு எங்கள் தெருவுக்கு வந்தார். ஆனால் எந்த மீனின் பெயரையும் கூவவில்லை. "வேட்டுக்கார அத்தை போயிட்டாங்கம்மா" என்று சொல்லி எங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மதலேன் அத்தை தூக்கத்திலேயே இறந்திருந்தார். அவரை அறிந்த உங்களுக்காகத்தான் பள்ளி மலரில் இதை எழுதுகிறேன்.

அத்தையின் கணவர் சைகோனில் பிரெஞ்சுப் படையின் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தவர். கூடவே இருந்து அத்தையும் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். எங்கள் மாதா கோயில் கொடியேற்றத்தன்று வேட்டுப் போடும் பழைய துப்பாக்கி அவர் பொறுப்பில்தான் இருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே பாடுவார், சுருதி சேராது. யாராவது சிரித்தால், "துப்பாக்கிக்கே காது வலிக்கல, உனக்கென்ன?" என்பார்.

போன திருவிழாவுக்கு அவருடைய தம்பி சவேரி மாமா பாரீசிலிருந்து ஒரு துப்பாக்கி கொண்டுவந்தார். பழைய காலத்துத் துப்பாக்கியைப் போலவே இப்போது செய்து விற்பது. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, கோலால் இடித்துச் சுட வேண்டும். உரிமமெல்லாம் வாங்கியிருந்தார். கொடியேற்றத்தன்று தோளில் வைத்துத் தானே சுடப்போவதாகப் பங்குச் சாமியாரிடமும் சொல்லிவிட்டார்.

சோதித்து விற்கும் குழலில் சோதனைச் சாலையின் முத்திரை குத்தியிருக்குமாம். அத்தை என்னைத் தேடச் சொன்னார். செதுக்கிய பூக்களைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை.

"பூ வேலை அழகா இருக்கு அத்தை."

"இதுக்கு என்ன கல்யாணமா? சவேரி, இதை யாருடா சோதிச்சது?"

"அக்கா, புத்தம் புதுசு!"

"புதுசுன்னா இன்னும் யாரையும் கொல்லலைன்னுதான் அர்த்தம்."

மாமா கோபித்துக்கொண்டு அன்று அத்தை வீட்டில் சாப்பிடவில்லை. அத்தை மசியவில்லை. காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, காரைக்கால்மேட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத மணல்மேட்டுப் பக்கம் மாமாவையும் செல்லம்மா அக்காவையும் என்னையும் கூட்டிப்போனார். துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டி, இருபுறமும் மணல் மூட்டை அடுக்கினார். சுடுபவரின் தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூசணிக்காயை வைத்து, மாமாவின் தொப்பியை உருவி அதற்குப் போட்டுவிட்டார்.

சோதனைக்காக வழக்கத்தைவிடக் கூடுதலாக மருந்து இட்டாயிற்று. எல்லாரும் தூரத்தில் ஒரு படகுக்குப் பின்னால் பதுங்கினோம். அத்தை விசையில் கட்டியிருந்த நீளக் கயிற்றை இழுத்தார். பற்றவைக்கும் கேப்பு மட்டும் 'டப்' என்றது.

"மருந்து நமத்திருக்கும், பாத்துட்டு வரேன்" என்று மாமா எழுந்தார். அத்தை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்.

"உக்காருடா! உள்ள புகைஞ்சுக்கிட்டு இருக்கும். ஜெபமாலையில பத்து மணி உருட்டி முடியட்டும். எல்லாரும் சத்தமா சொல்லுங்க."

"நாங்க மாரியாத்தாளக் கும்புடுறவங்க அத்தை" என்றார் செல்லம்மா அக்கா.

"எந்த ஆத்தாளா இருந்தா என்ன? நீ பத்து தடவ கூப்பிடு."

பாதி ஜெபத்தில் பெரிய வெடிச் சத்தம். குழலின் பின்பக்க அடைப்பு பிய்த்துக்கொண்டு வந்து பூசணிக்காயைச் சிதறடித்திருந்தது. மாமா தொப்பியை எடுத்து, அதிலிருந்த ஓட்டை வழியாக அத்தையைப் பார்த்தார். "அக்கா" என்று ஆரம்பித்தார்.

"மொதல்ல ஜெபத்த முடி. மாதா காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார் அத்தை. அன்று இரவு மாமா இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

அடக்கத்தன்று அத்தைக்கு மரியாதையாகப் பழைய துப்பாக்கியால் வேட்டுப் போட மாமா விரும்பினார். செல்லம்மா அக்கா தடுத்தார். "வேணாங்க. 'என் சாவுக்கு வேட்டுப் போடாதீங்க, சோதிச்சுப் பாக்க நான் இருக்க மாட்டேன்'னு அத்தையே சொல்லியிருக்காங்க." கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்த எல்லாரும் சிரித்துவிட்டோம். மாமாதான் அதிகம் சிரித்தார்.

நமக்கு வேண்டியவர் கோபித்துக்கொள்வாரே என்று பயப்படாத அத்தையின் துணிச்சலை நான் எனக்கென எடுத்துக்கொண்டேன். புஸ்ஸென்று அடங்கிய பட்டாசை எடுக்க நேற்று என் தங்கை குனிந்தாள். சடையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை.