இரண்டு ஆட்டோவில் ஒரே குரல்

எங்கள் மாமாவின் குரலைக் கேட்காதவர்கள் மயிலாப்பூரில் கிடையாது. அந்தக் குரலுக்கு உரிய முகம்தான் ஒருவருக்கும் தெரியாது. தேர்தல் வந்துவிட்டால் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோக்கள் தெருத்தெருவாகச் சுற்றுமே, அதிலிருந்து "வாக்காளப் பெருமக்களே, தாய்மார்களே" என்று கனத்த குரல் ஒன்று உருண்டு வருமே, அது அவருடையது. ஆடி மாதத்தில் தி. நகர் புடவைக் கடைகளின் தள்ளுபடியைக் கூவுவதும் அதே குரல்தான். வீட்டில் கொஞ்சம் சட்னி கேட்டால்கூட மாநாட்டுக்கு அழைப்பதுபோல இருக்கும். "மெதுவா கேளுடா, சட்னிக்கு இன்னாத்துக்கு ஓட்டு கேக்குற?" என்பாள் அம்மா.

மாமா அம்மாவின் தம்பி. அப்பா லாரியோடு வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்காகும் என்பதால் மாமா எங்களோடு இருந்தார். மந்தைவெளியில் ஒரு சந்துக்குள், ஏழெட்டுக் குடித்தனங்கள் வரிசையாக இருந்த இடம் அது. அக்கம்பக்கத்தாருக்கு அவர் கல்யாண வீடுகளில் சீரியல் லைட் கட்டுபவர். அந்த வேலையையும் செய்தார், பொய்யில்லை. ரெக்கார்டிங் விஷயத்தை மட்டும் வெளியில் சொல்லக்கூடாது. முகம் தெரிந்துவிட்டால் வாய்ஸுக்கு மார்க்கெட் போய்விடும் என்று சிந்தாதிரிப்பேட்டையில் அவரை வைத்துப் பதிவு செய்யும் ஸ்டூடியோக்காரர் சொல்லி வைத்திருந்தார். மறைப்பதில் பெரிய சிரமமும் இருக்கவில்லை. ஆட்டோவில் வருகிற குரல் எங்கோ பெரிய இடத்திலிருந்து வருகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அதற்குச் சொந்தக்காரர் காலையில் தண்ணீர்க் குழாயடியில் தங்களுக்குப் பின்னால் குடத்தோடு நிற்கிறார் என்று யாருக்குத் தோன்றும்?

அந்த ஸ்டூடியோ ஒரு அச்சகத்தின் மாடியில் இருந்தது. என்னை ஒருமுறை மாமா அழைத்துப் போயிருக்கிறார். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய சின்ன அறை. அங்கே வேலை நடக்கும் விதம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. "செய்தார்களா? செய்யவில்லை! கேட்டார்களா? கேட்கவில்லை!" என்று பொதுவான பேச்சை முதலில் ஒரேயடியாகப் பேசி முடித்துவிடுவார் மாமா. வேட்பாளர் பெயர், சின்னம், தொகுதி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பேசிக் கொடுப்பார். எந்தப் பேச்சில் எந்தப் பெயரைப் பொருத்துவது என்பதை ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வார். ரெடிமேட் சட்டைக்குப் பொத்தான் வைப்பது மாதிரிதான்.

மாமாவுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியூருக்கு எந்தக் கட்சிக்கு வேண்டுமானாலும் பேசுவார். சென்னைக்குள் ஒரு தேர்தலுக்கு ஒரு கட்சிதான். அந்த முறை சென்னைக்கு ஆளுங்கட்சி. எதிர்க்கட்சிக்கும் பேசினார், ஆனால் அது தெற்கே ஏதோ மாவட்டத்துக்கு. "ரெண்டும் பார்த்துக்காது, பயப்படாத" என்று ஸ்டூடியோக்காரர் தைரியம் சொல்லியிருந்தார்.

ரெண்டும் பார்த்துக்கொண்டன. அதுவும் என் கண்ணெதிரே.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு மார்க்கெட் வழியாக வந்துகொண்டிருந்தேன். கழிவுநீர்க் குழாய்க்காகத் தெருவில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் இந்தப் பக்கமிருந்து ஆளுங்கட்சி ஆட்டோ நுழைந்தது, அந்தப் பக்கமிருந்து எதிர்க்கட்சி ஆட்டோ நுழைந்தது. நடுவில் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன. யார் பின்னால் எடுப்பது? தேர்தல் நேரத்தில் ஒரு கட்சி இன்னொரு கட்சிக்காக ரிவர்ஸ் எடுத்ததாகச் சரித்திரம் உண்டா? இரண்டும் சத்தத்தைக் கூட்டின.

"செய்தார்களா?" என்றது ஒன்று. "செய்யவில்லை!" என்று தானே பதிலும் சொன்னது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, "செய்தார்களா?" என்றது மற்றது. அதே குரல், அதே இழுப்பு, அதே இடத்தில் அதே செருமல். முதலில் கீரை விற்கிற அம்மாள்தான் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "இன்னாடா இது, ஒரே ஆளு ரெண்டு பேரையும் திட்டிக்கினு கீறான்!" தெருவே சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை பேர் நடுவில் எங்கள் மாமா இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்கிறார்! "மாமா, உன்..." என்று ஆரம்பித்தேன். அவர் கை என் வாயைப் பொத்தியது. அந்தக் கை ஜில்லென்று இருந்தது.

சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. எங்கள் வாய்ஸைத் திருடிவிட்டீர்கள் என்று இந்த ஆட்டோவிலிருந்தவர்கள் அந்த ஆட்டோக்காரர்கள் மேல் பாய்ந்தார்கள். திருடியது நீங்கள் என்று அவர்கள் திருப்பி அடித்தார்கள். கண்ணாடி உடைந்தது. யார் யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். அடிதடி நடக்க, மேலே கட்டியிருந்த ஸ்பீக்கரில் மாமா நிதானமாக, பொறுமையாக, அமைதியான ஆட்சிக்கு ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே நின்ற மாமா என்னை இழுத்துக்கொண்டு வேறு தெருவில் திரும்பினார்.

நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள் அது டிவியில் வந்துவிட்டது. சிவப்புப் பட்டையில் "குரல் யாருடையது?" என்று எழுத்து ஓடியது. நான்கு பேர் நான்கு கட்டங்களுக்குள் உட்கார்ந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசினார்கள். எங்கள் தொண்டனின் குரலைக் கம்ப்யூட்டரில் திருடிவிட்டார்கள் என்றார் ஆளுங்கட்சிக்காரர். குரல் எங்களுடையது, ஆளுங்கட்சி அதிகாரத்தைக் காட்டிப் பறித்துவிட்டது என்றார் எதிர்க்கட்சிக்காரர். நேயர்கள் எஸ்.எம்.எஸ். மூலம் தீர்ப்பு சொல்லலாம் என்று நடுவிலிருந்தவர் அறிவித்தார். ஒருவர்கூட, பேசிய ஆள் சோற்றுக்காகப் பேசியிருப்பானோ என்று கேட்கவில்லை. மாமா தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். சோறு காய்ந்தது.

பிறகு அந்தச் செய்தி வந்தது. எதிர்க்கட்சி ஆட்டோவை ஓட்டியவருக்குக் கை முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"ஓட்டுனவனுக்கே கை போச்சு. பேசுனவன் கெடைச்சா இன்னா பண்ணுவானுங்க?"

மாமா பதில் சொல்ல வாயெடுத்தார். அம்மா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் எல்லாருடைய வாயையும் பொத்திக்கொண்டிருந்தோம். ஒற்றைச் செங்கல் சுவர் எங்களுடையது. பக்கத்து வீட்டு அக்கா வெங்காயம் நறுக்கினால் எங்களுக்குக் கேட்கும். இனி எவருக்கும் மாமாவின் குரல் கேட்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். ஸ்டூடியோக்காரருக்குப் போன் போட்டுப் பார்த்தாள். அவசரத்தில் எதிர்க்கட்சிக்குப் பேசிய தெற்கு மாவட்டத்துப் பேச்சிலேயே மயிலாப்பூர்த் தொகுதிப் பெயரைப் பொருத்திக் கொடுத்துவிட்டாராம். மன்னித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு போனை அணைத்தார். அதன்பிறகு அவர் எடுக்கவேயில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மாமாவுக்குப் பல்வலி என்று முடிவாயிற்று. தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டி, உள்ளே உட்கார வைத்துவிட்டு, அம்மா தான் வேலை செய்யும் தி. நகர் தையல் கடைக்குக் கிளம்பினாள். போகும்போது என்னிடம், "யார் வந்தாலும் நீ பேசு. மாமா பேசக்கூடாது, புரிஞ்சிச்சா?" என்றாள். எனக்கு அது விளையாட்டு மாதிரித்தான் இருந்தது, மதியம் வட்டம் வருகிற வரைக்கும்.

வட்டம் என்றால் ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். வட்டம் வராரு, வட்டம் போறாரு என்றுதான் பேச்சு. வெள்ளை வேட்டியில் கட்சிக்கரை பளபளக்க வாசலில் நின்றார். பின்னால் இரண்டு பையன்கள். சந்தில் அத்தனை வீடு இருக்க நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னா தம்பி, எப்டி கீற?"

மாமா கும்பிட்டார். நான் நடுவில் போய் நின்றேன். "மாமாக்கு பல்லு புடுங்கியிருக்குண்ணே. பேச முடியாது."

"அட பாவமே. ஒரு வணக்கம் சொல்லக்கூடவா முடியாது? எங்க, சொல்லு பார்ப்போம்."

மாமா வாயைத் திறப்பதைப் பார்த்தேன். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் சொல்லியிருப்பார். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லியே பழகினவர். "அவரு ஊமைண்ணே!" என்று கத்திவிட்டேன். "பொறந்ததுலேர்ந்தே!"

"அப்ப பல்லு?"

"அதுவும்."

இரண்டு பையன்களில் ஒருவன் சிரித்தான். மற்றவன் சிரிக்கவில்லை. அவன் கதவோரமாகச் சாய்ந்து, செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்த ஆட்டோ வீடியோவையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். "செய்தார்களா? செய்யவில்லை" என்று மாமாவின் குரல் பூச்சி மாதிரி அதிலிருந்து கசிந்தது. கேட்பான், நிறுத்துவான், உதட்டை அசைப்பான், மாமாவின் முகத்தைப் பார்ப்பான், மறுபடி கேட்பான். குரலையும் முகத்தையும் பொருத்திப் பார்க்கிறான் என்று நினைத்தேன். மாமா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். துண்டு கட்டிய தாடையில் வியர்வை வழிந்தது. அழுகை வந்துவிட்டால் எல்லாம் போச்சு என்று நான் பாவாடையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

வட்டம் எழுந்து மாமாவின் தோளில் கை வைத்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை.

"பேச வராதது ஒரு குத்தமா? நல்லதுதான்" என்றார். குரலில் அவ்வளவு கனிவு. "டிவிக்காரன் வந்து மைக்க நீட்டுனாலும் வராது இல்ல?"

மாமா தலையாட்டினார்.

"எலெக்சன் முடிஞ்சப்புறமும் வராது இல்ல?"

மாமா தலையாட்டக் கொஞ்சம் நேரமாயிற்று. கடைசியில் ஆட்டினார். வட்டம் என் கன்னத்தைத் தட்டி, கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு பெரிய ஆளை ஏமாற்றிவிட்டேன் என்று நான் மாமாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன். இத்தனை வீடுகளில் அவர் யார் சொல்லி, எதற்காக நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார் என்று அந்த வயதில் யோசிக்கத் தெரியவில்லை. தேடுகிறவனா ஒரு வீட்டோடு திரும்பிப் போவான்?

அம்மா வந்ததும் நடந்ததை நடித்தே காட்டினேன். அவள் என் தலையைத் தடவினாளே தவிரச் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் சந்தே டிவி முன்னால் இருந்தது. "குரலுக்குச் சொந்தக்காரர் கிடைத்துவிட்டார்!" கட்சித் துண்டு போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்து, கேமராவுக்கு முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். கதவோரமாக நின்ற அதே பையன். காசுக்காக அல்ல, தலைமை மேலுள்ள பாசத்தால் பேசினேன், என் குரலைத் திருடிவிட்டார்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். பேசிக் காட்டச் சொன்னார்கள். "செய்தார்களா? செய்யவில்லை!" மூக்கால் பேசினான். இழுப்பு மட்டும் சரியாக வந்தது. கேட்டீர்களா நேயர்களே, அதே குரல், என்றார் டிவிக்காரர். கீழே கட்டத்தில் மாமாவின் பதிவை ஓடவிட்டு, மேலே அவன் முகத்தைக் காட்டினார்கள். இப்படி நாலைந்து முறை காட்டியபின் எனக்கே அவன் வாயிலிருந்துதான் அது வருகிறது என்று தோன்ற ஆரம்பித்தது.

"அதே வாய்ஸ்தான்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றபடி. "கேட்டவுடனே சொல்லிட்டேன்."

எதிர்க்கட்சி அடங்கிப்போயிற்று. டிவியில் வேறு செய்தி வந்துவிட்டது. அம்மா எழுந்து மாமாவின் தாடைத் துண்டை அவிழ்த்தாள். "போதும். இனிமே பேசு."

மாமா எதையோ தேடுவதுபோல என்னைப் பார்த்தார். பிறகு தன் சொந்தக் குரலில், அந்தக் கனத்த, உருண்ட குரலில், "கொஞ்சம் தண்ணி குடு பாப்பா" என்றார்.

வாசலிலிருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அட, அந்த டிவில வந்தவரு மாதிரியே பேசுறியே! நல்லா மிமிக்ரி பண்றப்பா!"

நான் கைதட்டினேன். அம்மா கதவைச் சாத்தினாள். மாமா தண்ணீரை வாங்கிப் பாதி குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கு இன்னும் பயம் போகவில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் காதில் வாயை வைத்து, எனக்குத் தெரிந்த மிக நல்ல செய்தியைச் சொன்னேன்.

"இனிமே உன்னை யாருமே தேடமாட்டாங்க, மாமா."