அக்கா சுமந்த என் பழி

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும், அவருடைய ஒரே தங்கை வணங்கி எழுதுகிறேன். மறைந்தவரின் பெருமைகளைச் சொல்வதே இப்படிப்பட்ட மலர்களின் முறை. அக்காவின் பெருமைகளைச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நான் செய்த ஒன்றை ஒப்புக்கொள்ளாமல் அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆகவே கட்டுரை கொஞ்சம் கோணலாகத்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா சோரியாங்குப்பத்தில் பிறந்தார். அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு வைத்தவர். அக்கா பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய வருடமே அம்மா படுத்த படுக்கையானார். அதோடு அக்காவின் படிப்பு நின்றது. எனக்கு அப்போது ஆறு வயது. எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் அவர் கழனிக்குப் போவார். நான் முனைவர் பட்டம் பெற்றுப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தபோது வீடு வீடாக லட்டு கொடுத்தவர் அவர். "என் தங்கச்சி டாக்டரு. ஆனா ஊசி மட்டும் போடத் தெரியாது" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டார். ஆற்றில் அளவில்லாமல் மணல் அள்ளியதில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் வற்றத் தொடங்கின. கேட்க வேண்டிய ஆண்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். அக்கா பத்துப் பதினைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் போய் நின்றார். மனுவுக்குப் பதில் வராதபோது லாரிகளை மறித்து ரோட்டில் உட்கார்ந்தார். வாரம் ஒருமுறை பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் பெண்கள் கூடுவார்கள். அங்கே பேசுவதை யாரும் எழுதக் கூடாது என்பது அக்கா வைத்த சட்டம். எழுதாததால்தான் அவர்கள் பயமில்லாமல் பேசினார்கள்.

என் துறை மாணவர்கள் எட்டுப் பேரை அந்தக் குழுவோடு ஒரு மாதம் இருந்து கற்றுக்கொள்ள அழைத்து வந்தவள் நான். அக்கா அவர்களைப் பெற்ற பிள்ளைகளைப் போல நடத்தினார். நடவுக்குக் கூட்டிப்போய் இடுப்பு ஒடிய வேலை வாங்கினார். மறியலில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "நோட்ட வூட்லயே வச்சிட்டு வாங்கப்பா. காது இருக்குதுல்ல, அது போதும்" என்றார். இந்தப் பிள்ளைகள் எதையும் எழுத மாட்டார்கள் என்று பெண்களுக்கு வாக்கும் கொடுத்தார். பிள்ளைகளும் நோட்டு இல்லாமல்தான் போனார்கள். திரும்பி வந்ததும் கேட்டதையெல்லாம் எழுதிவைக்கச் சொன்னவள் நான்.

குழுவில் ஒரு மூத்த அம்மா இருந்தார். அவருடைய மகன் மணல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மகனின் பிழைப்பு அதில்தான் என்று தெரிந்தும், லாரிகள் ஆற்றில் எந்த இடத்தில் இறங்குகின்றன என்பதை அந்த அம்மா கூட்டத்தில் சொன்னார். பிள்ளைகள் எழுதியதையெல்லாம் சேர்த்து என் துறையில் ஓர் அறிக்கை தயாராகிறது என்று கேள்விப்பட்டதும் அக்கா எனக்குப் போன் செய்தார்.

"அந்தம்மா சொன்னத எழுதிட்டீங்களாடி?"

"பேர மாத்திட்டோம்க்கா. எங்க முறையே அதான்."

"பேர மாத்தி இன்னா பிரயோஜனம்? ஆள மாத்துனியா? நம்மூர்ல பேரக் கேட்டுக்கினா ஆளக் கண்டுபுடிக்கிறாங்க?"

நான் சிரித்தேன்.

"சிரிக்காத. அச்சுக்குப் போறதுக்குள்ள ஒரு வாட்டி வந்து அந்தம்மாகிட்ட படிச்சுக் காட்டு. வேணாம்னு சொன்னா எடுத்துடு."

"சரிக்கா" என்றேன். போகவில்லை. எங்கள் துறையைப் பார்வையிட ஒரு குழு வரவிருந்தது. அதற்குள் அறிக்கை மேசைமேல் இருக்க வேண்டும் என்று எனக்கு அவசரம்.

சொன்னபடி பெயரை மாற்றியிருந்தோம். ஆனால் அந்த அம்மா என்ன விற்கிறார், எந்த முனையில் உட்காருகிறார், எப்படி நடக்கிறார் என்பதையெல்லாம் ஒரு மாணவி ஆசை ஆசையாக வர்ணித்திருந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். "அருமையான நடை" என்று ஓரத்தில் குறித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். அந்தப் பக்கத்தை யாரோ படமெடுத்து அனுப்ப, அது ஊருக்குள் போனுக்குப் போன் சுற்றியது. படித்த எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. லாரி முதலாளி அந்த வாரமே மகனை வேலையை விட்டு நிறுத்தினார். மகன் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். இன்றுவரை தாயோடு பேசவில்லை.

வாக்குக் கொடுத்த அக்காவே பிள்ளைகளை எழுதச் சொல்லி ஏமாற்றிவிட்டார் என்று பெண்கள் நினைத்தார்கள். மரத்தடிக்கு யாரும் வரவில்லை. அக்கா வாயைத் திறக்கவில்லை. "உன் தங்கச்சி பண்ணுன வேலன்னு சொல்லேன்" என்று மாமா கோபப்பட்டிருக்கிறார். "அவளே வந்து சொல்லுவா. நான் முந்திக்கக் கூடாது" என்றாராம் அக்கா. இதை மாமா என்னிடம் சொன்னது கருமாதி முடிந்த பிறகு.

அடுத்த வருடம் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரி. கை வீங்கி, ஊசி குத்த இடமில்லாமல் படுத்திருந்தபோதும் என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஒரு வாட்டி வந்து அவங்க முன்னாடி நின்னு சொல்லிடுடி. எனக்காக இல்ல. அந்தப் பொம்பளைங்க திரும்ப ஒண்ணு சேரணும்."

"பரீட்சை முடியட்டும்க்கா" என்றேன். பரீட்சை முடிந்து விடைத்தாள் வந்தது. விடைத்தாள் முடிந்து மாணவர் சேர்க்கை வந்தது. வேலை இருந்தது உண்மை. வேலையில்லாத நாட்களும் இருந்தன என்பதும் உண்மை. மேடையில் ஒரு மணி நேரம் பேசக் கூசாத எனக்கு அந்தப் பதினைந்து பெண்கள் முன் நிற்கப் பயம். என் பயம் தெளிவதற்குள் அக்கா போய்விட்டார்.

அன்றைக்கு அந்தப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். அந்த அம்மாவும் வந்து வாய்க்கரிசி போட்டுவிட்டு யாரோடும் பேசாமல் போனார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தன் ஆட்டோவில் அலுக்காமல் ஏற்றிச்சென்ற பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், கடைசி வாரம் கூடவே இருந்த செவிலியருக்கும், நடவுக் காலத்திலும் வேலையை விட்டு வந்து நின்ற உறவினர்களுக்கும், தகவல் தெரிந்ததும் ஓடிவந்து பந்தல் போட்ட என் பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மனைவியைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். இருந்தாலும் சொல்கிறேன்.

இந்தக் கட்டுரையை அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன் அந்த அம்மாவின் வீட்டுக்கு எடுத்துப்போனேன். மற்றப் பெண்களையும் அழைத்து உட்கார வைத்து, முதலிலிருந்து வாசித்தேன். குரல் உடைந்த இடங்களில் அவர்கள் காத்திருந்தார்கள். அந்த அம்மா இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். மகனைப் பற்றியதை "இருக்கட்டும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"இத உங்கக்கா உயிரோட இருக்கச்சயே வந்து படிச்சிருந்தா இன்னாம்மா?"

நான் தாள்களை மடித்தேன். "நான் கேட்டதையும் சேத்துப் போடு" என்றார். போட்டிருக்கிறேன்.