மாமனாரை மங்கலாக்கிய ரஷ்யக் காமிரா

பல் செட் செய்கிறவர்களில் பெரும்பாலோர் வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாக டிவி பார்க்கிறார்கள். நம் நாயகர் அந்தச் சுகத்தைத் துறந்தவர். பகலெல்லாம் முகம் தெரியாதவர்களின் கடைவாய்ப் பற்களைச் செதுக்கிவிட்டு வீட்டுக்கு வருவார். வந்த சட்டையோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு பழைய ரஷ்யக் காமிராவின் வயிற்றைத் திறப்பார். தெருவில் அவருக்கு லென்ஸ்காரர் என்று பெயர். வீட்டில் வேறு பெயர்கள் உண்டு. அவற்றை அச்சில் போட முடியாது.

காமிரா சோப்புப் பெட்டி அளவு, செங்கல் எடை. அதைச் செய்த தேசமே கலைந்துபோயிற்று. ஆகவே புகார் சொல்ல இடமும் இல்லை, உதிரிபாகம் கேட்க ஆளும் இல்லை.

"பாத்தியா, நாடே போயிடுச்சு, இது இன்னும் ஓடுது" என்பார் லென்ஸ்காரர்.

"எங்க ஓடுது? டப்பா டப்பாவா பிரிச்சு வெச்சிருக்கீங்க" என்பார் மனைவி.

உண்மைதான். உள்ளே போட்டிருந்த கிரீஸ் பிசினாக இறுகியிருந்தது. ஷட்டர் துணியில் ஊசிமுனை ஓட்டைகள். அவற்றைக் கறுப்பு மையால் ஒவ்வொன்றாக அடைத்தார். பல் பார்க்கும் குச்சிக்கண்ணாடியை உள்ளே விட்டு, பல்சக்கரங்களுக்கு ஈறு சோதனை செய்தார். வீட்டாருக்குச் சட்டம் ஒன்றும் போட்டிருந்தார்: முதலில் ஷட்டரை முறுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வேகச் சக்கரத்தைத் தொடலாம். மாற்றிச் செய்தால் உள்ளே ஏதோ உடையும். காஸ் அடுப்பை அணைக்க மறந்தால்கூட மன்னித்துவிடுவார், இதற்கு மன்னிப்பே கிடையாது.

இந்த வகைக் காமிராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. பக்கத்தில் தனியாக ஒரு குட்டி ஜன்னல் இருக்கும். அதில் எதிரே இருப்பவர் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருகத் திருக அந்த இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றாகிவிட்டால் படம் துல்லியமாக விழும். விழ வேண்டும். அதற்காக மாலை மாலையாக மொட்டைமாடியில் நின்று, தூரத்துச் செல்போன் கோபுரத்தைக் குறிபார்த்து ஒரு திருகை இம்மி இம்மியாக நகர்த்தினார். கோபுரம் ஒன்றான அன்று குடும்பத்தையே மாடிக்கு அழைத்துக் காட்டினார்.

"காமிரா இல்லாமலே அது ஒண்ணாதானே அத்தான் தெரியுது?" என்றான் மைத்துனன். இவன் மனைவியின் தம்பி. வேலை தேடுகிறான். தேடும் இடம் பெரும்பாலும் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ்.

இத்தனைக்கும் நடுவில் மனைவிக்கு இந்தக் காமிராவிடம் ஒரே ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அது அவருடைய அப்பா.

அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். படம் எடுக்க உட்காரமாட்டார். எப்போதோ அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் போலீஸ் தேடுகிற ஆள்போல விழுந்துவிட்டார். அன்றோடு சரி. மகளின் கல்யாண ஆல்பத்தில் அவர் பங்கு ஒரு முழங்கை. செல்போனைத் தூக்கினால் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விடுவார். மகளுக்கு வருத்தம் என்றால் சாதாரண வருத்தமில்லை. "அப்பா எப்படி இருப்பார்னு நாளைக்கு என் பிள்ளைங்க கேட்டா முழங்கையையா காட்டுவேன்?" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சொல்லி முடித்ததும் சிரிப்பு இருக்காது.

அப்படிப்பட்ட அப்பா ஒருநாள் வந்தபோது மேஜையில் காமிரா பிரிந்து கிடந்தது. குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எங்கயும் பசை போட்டு ஒட்டல. எல்லாம் திருகுதான். நல்ல வேலைக்காரன் செஞ்சது மாப்பிள்ளை."

"ஆமா மாமா!"

"இதுல வேணா ஒண்ணு எடுங்க. ஒரே ஒரு தடவை. அப்புறம் யாரும் என்னைக் கேக்கக் கூடாது."

மகளுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

படம் எடுக்கும் நாளில் வீடு ஆபரேஷன் தியேட்டர்போல இருந்தது. அப்பா ஜன்னலோரம் நாற்காலியில், புதுச் சட்டையில், தண்டனைக்குத் தயாராக உட்கார்ந்தார். லென்ஸ்காரர் முறைப்படி முறுக்கினார், பிறகு சக்கரத்தைத் திருப்பினார். குட்டி ஜன்னலில் இரண்டு மாமனார்கள் தெரிந்தார்கள். (ஒருவரே போதும் என்று பல தடவை நினைத்தவர்தான் அவர்.) லென்ஸைத் திருகினார். இருவரும் ஒருவரானார்கள். க்ளிக்.

ஊரில் ஃபிலிம் கழுவித்தர மிச்சமிருந்த ஒரே ஸ்டுடியோவிலிருந்து படம் வந்தது. மனைவி உறையைப் பிரித்துப் பார்த்தார். படத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். உள்ளே பாத்திரங்கள் பேசின.

முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா ஆவியாக இருந்தார். கண் எது, மூக்கு எது என்று ஊகிக்கத்தான் முடியும். பின்னால் ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்ற மைத்துனன் மட்டும் சவரம் செய்யாத தாடையின் ஒவ்வொரு மயிரோடும் பளிச்சென்று விழுந்திருந்தான். அவனை யாரும் படத்துக்கு அழைக்கவேயில்லை.

"அத்தான், உங்க காமிராவுக்கு ஆள் தராதரம் தெரியுது" என்றான்.

நடந்தது இதுதான்: தூரத்துக்கு ஒரு திருகு என்றால், கிட்டத்துக்குத் தனியாக ஒரு சின்ன உலோகத் துண்டைச் சரிசெய்ய வேண்டும். லென்ஸ்காரர் கோபுரத்தோடு நிறுத்திக்கொண்டார். உலகத்தில் யாருக்கும் செல்போன் கோபுரத்தின் படம் தேவைப்படவில்லை என்பதை அவர் யோசிக்கவில்லை.

அன்று மாலை அப்பா வந்தார். மறைக்க நேரமில்லை. படத்தைக் கையிலெடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, நிமிர்த்திப் பார்த்தார். எல்லோரும் தலைகுனிந்தார்கள்.

"பிரமாதம்" என்றார்.

"அப்பா?"

"யாருன்னே தெரியல. இதுல நான் எப்படி வேணும்னாலும் இருக்கலாம்! இப்படின்னா எத்தனை தடவை வேணும்னாலும் உக்கார்றேன். மாப்பிள்ளை, ரிப்பேர் கிப்பேர் பண்ணிக் கெடுத்துடாதீங்க." படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போயே போய்விட்டார். கிடைத்த ஒரு படமும் அதோடு போயிற்று.

அன்றிரவே மனைவி கதவைச் சாத்திவிட்டு ஆணையிட்டார்.

"சரி பண்ணுங்க. அப்பாகிட்ட மூச்சு விடாதீங்க. மங்கலாத்தான் விழும்னு நெனச்சுக்கிட்டு உக்காருவார். க்ளிக் பண்ணிடுங்க."

லென்ஸ்காரர் சரிசெய்தார். அந்தத் துண்டை ஒரு மயிரிழை திருப்பிவிட்டு, மனைவியின் மூக்குத்தியை வைத்துச் சோதித்தார். மூக்குத்திக் கல்லின் பட்டைகளை எண்ண முடிந்தது. வாழ்நாளின் ஆகச்சிறந்த வேலை. அதை ஒருவரிடமும் சொல்லக் கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தானாகவே வந்தார், தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டார், சிரிக்கவும் சிரித்தார். மகள் அந்தச் சிரிப்பைப் பார்த்து முந்தானையைக் கசக்கினார். மைத்துனன் சமையலறையில் அடைக்கப்பட்டிருந்தான். குட்டி ஜன்னலில் இரண்டு மாமனார்களும் ஒன்றானார்கள். விரல் பொத்தானில்.

"போன தடவை மாதிரியேதானே மாப்பிள்ளை? உள்ள ஒண்ணும் பண்ணலியே?"

'இல்ல மாமா' என்றால் முடிந்தது. மனைவி கண்ணால் கெஞ்சினார். ஆனால் இத்தனை காலத்தில் காமிராவுக்குள் என்ன செய்தாய் என்று லென்ஸ்காரரை யாரும் கேட்டதே கிடையாது. மாமனார்தான் முதல் ஆள்.

"ஒரு சின்ன வேலை மாமா..." என்று ஆரம்பித்தார்.

அப்பா லேத்காரர். கூர்ந்து கேட்டார். எந்தப் பக்கம் திருப்பினீங்க, எவ்வளவு, பிடிமானம் எப்படி என்று விசாரித்தார். "சபாஷ் மாப்பிள்ளை" என்று முதுகில் தட்டினார். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வாசல்வரை போன மகளிடம் அப்பா ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: காமிராவைப் பழையபடி ஆக்கினால் வருவேன்.

இப்போது அந்த வீட்டில் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பொய்க்கு ஒத்திகை நடக்கிறது. மனைவி நாற்காலியில் அப்பாவாக உட்கார்ந்து, குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்கிறார்:

"பழையபடி ஆக்கிட்டீங்களா மாப்பிள்ளை?"

"ஆக்கிட்டேன் மாமா."

"நெஜமா?"

"நெஜமா மாமா."

"அவ்வளவுதான், உடனே க்ளிக் பண்ணுங்க. அதுக்கு மேல வாயைத் திறக்காதீங்க" என்கிறார் சொந்தக் குரலில்.

"இல்ல, மாமா லென்ஸைக் கழட்டிப் பாத்தா அந்தத் துண்டு இருக்கிற கோணத்துல தெரிஞ்சிடும்டி. அது என்னன்னா..."

"மறுபடியும் முதல்லேருந்து" என்கிறார் மனைவி.