எண்ணெய்க் கை

எங்கள் வீட்டில் ஆண்களுக்குச் சனிக்கிழமை முழுக்கு. யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வந்தபோது என்னென்னவோ விட்டுவிட்டு வந்த அம்மா, இதை மட்டும் பிராங்பேர்ட்டின் மூன்றாம் மாடிக்குப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய், ஊறவிட்டுக் குளிப்பு. எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் இருந்ததில்லை, விளையாட்டுப் போட்டிகளும் சனிக்கிழமைகளில்தான் நடக்கும் என்று தெரியவரும்வரை.

அப்போது நான் எங்கள் பகுதிப் பையன்களின் அமெரிக்க உதைபந்தாட்ட அணியில் இருந்தேன். பெயரில்தான் உதை, பந்து போவது பெரும்பாலும் கையில். குவாட்டர்பேக் என்று ஒருவன் இருப்பான். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவனிடம் வரும். தூரத்தில் ஓடும் தன் ஆளுக்கு அதை எறிவதா, தானே தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று அவன் நொடியில் முடிவெடுக்க வேண்டும். வகுப்பில் கையுயர்த்தவே கூசிய எனக்கு, ஏனோ, அந்த இடம்தான் வேண்டியிருந்தது.

வீட்டில் இது விளங்கியவர் மாமா ஒருவர்தான், அம்மாவின் தம்பி. அமெரிக்கப் படைமுகாம் ஒன்றின் சமையலறையில் கோப்பை கழுவினார். அங்கிருந்த தொலைக்காட்சியில் அவர்களுடைய கல்லூரி ஆட்டங்களைப் பார்த்துவிட்டு வந்து அப்பாவுக்கு விரிவுரை நடத்துவார்.

"ஓடுற பெடியன் பாக்க வடிவாத்தான் இருப்பான், அத்தான். சனம் எழும்பி நிண்டு கத்தும். ஆனா எறியத் தெரிஞ்சவனுக்குத்தான் மற்றப் பக்கம் பயப்பிடும்."

"ரெண்டும் தெரிஞ்சவன்?" என்பார் அப்பா, பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது எங்கட மருமோன்."

எனக்கு எறியத் தெரியும். முற்றத்துக் குப்பைத்தொட்டிகளுக்கு அப்பால் தங்கச்சியைக் குளிர்காலக் கையுறையோடு நிற்கவைத்துப் பழகியிருந்தேன். ஆனால் பயிற்சியாளர் என்னை ஓடவே விட்டார். பல நாள் தயங்கி, ஒருநாள் கேட்டுவிட்டேன். "சரி, சனிக்கிழமை எறிந்து காட்டு. சரிவந்தால் அந்த இடம் உனக்கு" என்றார்.

அந்தக் காலை அம்மாவிடம், "இண்டைக்கு எண்ணெய் வேண்டாம்" என்றேன்.

"இண்டைக்குத்தான் வேணும். கை பிடிச்சுதெண்டா பிறகு என்ன செய்வாய்?" என்று வலக்கைக்குக் கூடுதலாகவே தேய்த்தார். குளித்ததும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

மைதானத்தில் வியர்த்ததும் பிசுபிசுப்பு திரும்பி வந்தது. முதல் பந்து வழுக்கி என் காலடியிலேயே விழுந்தது. அடுத்தது எதிரணிக்காரனின் கையில் போய் உட்கார்ந்தது. சமையலறை வெள்ளை உடுப்போடு நேரே வந்திருந்த மாமா, கோட்டோரமாக நின்று, "எறியடா மருமோன், எறி!" என்று தமிழில் கத்தினார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். எறியவே பயமாகிவிட்டது. பந்தை அணைத்துக்கொண்டு ஓடினேன். ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. சனம் எழும்பி நின்று கத்தியது.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே வந்தார். "பார்த்தாயா? நீ ஓடப் பிறந்தவன்."

மாமா இடையில் புகுந்தார். என் கையைப் பிடித்துப் பயிற்சியாளரின் மூக்குக்கு நேரே நீட்டி, "எண்ணெய்! அம்மா, எண்ணெய்! பிள்ளை எறியும், நல்லா எறியும்!" என்று தனக்குத் தெரிந்த ஜேர்மன் முழுவதையும் கொட்டினார். ஒரு பையன் குனிந்து என் கையை மோந்துவிட்டு, "சலாட் எண்ணெய்!" என்றான். அணி முழுவதும் சிரித்தது. கையை இழுத்தேன், மாமா விடவில்லை. போத்தல் தண்ணீரால் கழுவி, தன் சட்டை நுனியால் என் விரல்களையும் பந்தையும் துடைத்து, "இப்ப எறி" என்றார்.

எறிந்தேன். பந்து நேராகச் சுழன்று போய், மறுகரையில் நின்றவனின் நெஞ்சில் அடங்கியது. சிரிப்பு நின்றது.

"நல்லது" என்றார் பயிற்சியாளர். "ஆனால் எங்களுக்கு உன் கால்கள்தான் தேவை." அந்த இடத்தை, எனக்குப் பாதித்தூரமும் எறியாத ஒரு வெள்ளைப் பையனுக்குக் கொடுத்தார்.

ட்ராமில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "எங்கட குசினியில ஒரு கறுப்பு அமெரிக்கன் சமைக்கிறான். பள்ளிக்கூடத்தில அவன்தானாம் எறியிறவன். கொலிஜ்ஜுக்குப் போன உடன ஓடச் சொல்லிப்போட்டாங்களாம்."

"ஏன், அவருக்கு எறிய ஏலாதோ?"

"நல்லா எறிவானாம்."

ஊர் முன்னால் என்னைச் சிரிப்புக்கிடமாக்கிவிட்டு இவர் யாருடைய கதையையோ சொல்கிறாரே என்று எனக்கு ஆத்திரம். தெரிந்த பையன் எவனாவது ஏறினால், அந்த வெள்ளை உடுப்புக்காரர் என்னோடு வந்தவர் என்று தெரியக்கூடாது. எழுந்து வேறு இருக்கைக்குப் போனேன்.

வீட்டுக்கதவைத் திறந்த அம்மாவிடம், "எல்லாம் உங்கட எண்ணெயாலதான்!" என்று கத்தினேன். அதன்பின் சனிக்கிழமைகளில் அவர் என்னை முழுக்குக்குக் கூப்பிடவில்லை. தன் கையால்தான் பிள்ளையின் இடம் போனது என்று கடைசிவரை நம்பினார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பினேன். கழுவித் துடைத்த கையால் நான் எறிந்ததைப் பயிற்சியாளர் பார்த்துக்கொண்டுதான் நின்றார் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.