கறுப்புக் கோபுரத்தின் முன்னால் பெரியம்மா

மாசி மாதத்து மொன்றியலில் தபாலில் வந்த போட்டோவைத் தொட்டால் விரல் சில்லிடும். லாசாலில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்வாசலில் இருந்த தபால் பெட்டியிலிருந்து உறையை எடுத்துவந்து பிரித்ததும் அம்மா படத்தை உடனே பார்க்கமாட்டார். தன் கன்னத்தில் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு, ஹீற்றருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்ப்பார்.

படத்தில் நிற்பது பெரியம்மா, அம்மாவின் ஒரே அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து இருவரும் ஒரே ஆண்டில் புறப்பட்டு, அம்மா அப்பாவோடு கனடாவுக்கு வந்து சேர, கல்யாணம் செய்யாத பெரியம்மா தனியாக ஜெர்மனியில் போய் இறங்கினார். அவருக்குப் பின்னால் எப்போதும் கொலோன் நகரத்துப் பேராலயம் நிற்கும். விறகடுப்புச் சுவர்போலக் கறுத்த கல்லும், படத்துக்குள் அடங்காமல் மேலே வெட்டுப்பட்டுப்போன இரட்டைக் கோபுரமுமாக இருந்த அதற்கு எங்கள் வீட்டில் "கறுப்புக் கோபுரம்" என்று பெயர். அகதி வழக்கு முடியும்வரை பதிந்த இடத்தைத் தாண்டக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டமாக இருந்ததால், வருடங்கள் போயும் படத்தின் பின்னணி மாறவில்லை. அதைக் கட்டி முடிக்க அறுநூறு வருடங்களுக்கு மேல் எடுத்ததாம் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்த அப்பா, "உன்ரை அக்காவின்ரை விசாவும் அந்தக் கணக்கிலைதான் போகுது" என்று பகிடி விட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பின்னால் போகிறவர்கள் காதுவரை மூடிக்கட்டியிருக்க, பெரியம்மா மட்டும் பட்டுச்சேலையும் சங்கிலியுமாக, ஜக்கெற் இல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்பார். உறவுகளுக்கு அனுப்பும் படத்தில் சேலை தெரியவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் எழுதாத சட்டம். "ஜக்கெற்றோடை நிண்டால் எல்லாரும் ஒரே மூட்டைதான்" என்று சொல்லி, அம்மாவும் பனிக்குவியலுக்கு முன்னால் அப்படி நின்றவர்தான். ஆனால் அக்கா நிற்கிறபோது அந்த நியாயமெல்லாம் பறந்துவிடும்.

"தனியச் சீவிக்கிறவ. காய்ச்சலெண்டு படுத்தால் ஒரு தேத்தண்ணி வைச்சுக் குடுக்க ஆர் இருக்கினம்" என்று அழுவார். அழத் தொடங்கினால் அன்று சமையல் இல்லை.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது வந்த படமொன்றில் நல்ல வெயில். பெரியம்மாவின் காலடிக் கல்தரையில் படம் எடுத்தவரின் நிழல் விழுந்திருந்தது. கமராவைப் பிடித்த கையிலிருந்து ஏதோ கனமாகத் தொங்கியது.

"அம்மா, இவதான் பெரியம்மாவின்ரை ஜக்கெற்றை வைச்சிருக்கிறா" என்று நிழலைத் தொட்டுக் காட்டினேன்.

அம்மா படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், பிறகு சிரித்தார். அதன்பிறகு ஒவ்வொரு படத்திலும் நாங்கள் பெரியம்மாவை விட்டுவிட்டு அந்த நிழலைத் தேடினோம். அவளுக்கு "ஜக்கெற்காரி" என்று பெயர் வைத்து, நல்ல மனசுக்காரி என்று முடிவுகட்டி, கோயிலில் அர்ச்சனை செய்தால் அவளுக்கும் சேர்த்து அம்மா வேண்டிக்கொள்வார். தொலைபேசியில் கேட்டுவிடலாமே என்று அப்பா சொன்னதற்கு, "ஆம்பிளையாயிருந்தால் அக்கா வெக்கப்படுவா, தானாச் சொல்லட்டும்" என்றார். அந்த நிழல் வந்தபின் எங்கள் வீட்டில் அழுகை குறைந்துபோனது.

பிறகொரு நாள் கறுப்புக் கோபுரத்துக்குப் பதிலாக ஹைடல்பெர்க் மலைமேல் பாதி இடிந்து நிற்கும் சிவந்த கோட்டை வந்தது. பெரியம்மாவின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "விசா கிடைச்சிட்டுது" என்று அம்மா சாமிப்படத்துக்கு விளக்கேற்றினார். அதன்பின் பெர்லினின் தூண்வாசல், வியன்னாவின் மஞ்சள் அரண்மனை என்று வந்துகொண்டேயிருந்தன. பழைய கட்டடங்களில் பெரியம்மாவுக்கு இப்படியொரு பைத்தியமா என்று எனக்கு வியப்பாக இருக்கும்.

விசா, வேலை, அம்மாவின் முழங்கால் என்று தள்ளித் தள்ளிப்போய், இந்த மாசியில்தான் பெரியம்மா மொன்றியலுக்கு வந்தார். நாங்கள் சைவம் என்றாலும் மாதா கோயிலுக்கும் நேர்ந்துகொள்ளும் ஊர் வழக்கம் விடாதே. மலையிலிருக்கும் சூசையப்பர் ஆலயத்துக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனோம். படியில் நின்று படம் எடுக்கலாம் என்றதும் பெரியம்மா ஜக்கெற்றைக் கழற்றி, என்னைத் திரும்பியும் பார்க்காமல் நீட்டினார்.

அம்மாவுக்கு அதுவரை அடக்கிவைத்தது வாய்க்கு வந்துவிட்டது. "அக்கா, அங்கை உந்த ஜக்கெற்றை வைச்சிருந்த ஆள் இப்ப எங்கை?"

"எந்த ஆள்?"

"படம் எடுக்கிற ஆள்."

"ஆரெண்டு எனக்கென்ன தெரியும்" என்றார் பெரியம்மா. "வாற சனத்திலை நல்ல முகமாய்ப் பாத்துக் கமராவையும் ஜக்கெற்றையும் குடுக்கிறதுதான். என்ரை ரோட்டிலை ஆரைப்போய்க் கேக்கிறது? உப்பிடிப் பேர்போன இடமெண்டால் ஆளுக்காள் படம் எடுத்துக் குடுக்கினம், கேக்க வெக்கமில்லை. அதுக்குத்தானே அங்கையெல்லாம் போனனான்."

இப்போது எல்லோரும் தம் கையை நீட்டித் தாமே எடுத்துக்கொள்கிறார்கள். முகம் பார்த்துக் கமராவைக் கொடுக்கும் பழக்கமும் போய், படம் வரும் உறையும் போய்விட்டது. எங்கள் ஜக்கெற்காரி ஒருத்தி இல்லை, இருந்ததும் இல்லை.

அம்மா தன் ஜக்கெற்றைக் கழற்றி என் கைமேல் போட்டுவிட்டு, நோகிற முழங்காலோடு ஏறிப்போய் அக்காவை ஒட்டி நின்றார். "கெதியா எடு பிள்ளை, குளிருது."

இரண்டு ஜக்கெற்றும் கையில் தொங்கத் தொங்க எடுத்தேன். அன்றும் நல்ல வெயில். அந்தப் படத்தைக் கடையில் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தபோது, அம்மா முதலில் விரல் வைத்தது படியில் விழுந்திருந்த என் நிழலின்மேல்.